இருந்தது, ஆனால்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில்
விடியற்காலை ஐந்தரைக்கு வகுப்பு.
ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேரே வருவாள் ஷிஃபாயா,
யாரோ ஒரு நோயாளியின் பில் பாக்கி
இன்னும் காதில் இரைய.
பேச்சியப்பன் மேலூர் கிரானைட்டில் கணக்கு.
மெக்சிகோவுக்குப் போன கல்லுக்குப் பணம் வரவில்லை;
மரியாதையாகத் திட்டத் தெரியவேண்டும் அவருக்கு.
சுப்புராமுக்கு வீட்டில் சௌராஷ்டிரம்,
சாயக்கடையில் தமிழ்.
ஸ்பானிஷ் எதற்கு என்றால்
"மூணாவதா ஒண்ணு கெடக்கட்டும்" என்பார்.

விலை கேட்க, வழி கேட்க
மூன்று மாதம் படித்தாயிற்று.
இன்று பழைய பாட்டு.
எழுதியவன் பேர் இல்லை.
நானூறு வருஷம் என்கிறார்கள், இருக்கலாம்.
சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம்.
தொட்டால் சொல் தன் பொருளைக் கக்கும்.
வேகத்தைப் பாதியாக்கினால்
வாசிக்கிற குரல்
பல் பிடுங்கிவிட்டு வந்த ஆளைப்போல் இழுக்கும்.

கதை இவ்வளவுதான்:
உப்பு விற்கிறவன் கழுதையோடு மலை ஏறுகிறான்.
மழை.
சந்தையில் மூட்டையை அவிழ்த்தால்
ஈரச் சாக்கு.
அழவில்லை அவன். சொல்கிறான்:
உப்பு போயிற்று, ஆனால் கடல் இருக்கிறது.

அந்த 'ஆனால்'தான் பாட்டு என்றேன்.
பெரோ.
நாக்கு ஒருதரம் தொட்டு விலகவேண்டும்.
உருட்டினால் பெர்ரோ,
நாய்.

கரிக்கும் கறிக்கும்
ஒரே சத்தம் போடுகிற ஊர் நாங்கள்.
சின்ன ர, பெரிய ற
கையால் படித்தது, வாயால் இல்லை.

பேச்சியப்பன் மைக்கில் சொன்னார்.
செயலி கேட்டதைச் சுவரில் எழுதியது:
உப்பு போயிற்று, நாய், கடல் இருக்கிறது.
முப்பத்தொரு சதவீதம். சிவப்பு.
மறுபடி. நாய்.
ஷிஃபாயாவுக்கும் நாய்.
சுப்புராமின் நாய் இன்னும் பெரிசு.
நான் சொல்லிக் காட்டினேன்,
தொண்ணூற்றாறு என்றது.
கொஞ்சம் வெட்கமாயிருந்தது.

"இருந்துட்டுப் போகட்டுமே, மேடம்.
மலை ஏறுறவன் நாய் இல்லாமலா போவான்?
சாக்கு நனைஞ்சத மோந்து பாத்ததே அதுவாத்தான் இருக்கும்."
"சந்தை கலைஞ்சிருச்சு," என்றாள் ஷிஃபாயா,
"கடலப் பத்தி வேற யாருகிட்டச் சொல்வான்?"

இலக்கணம் சொல்ல வாய் திறந்து
வரியை இன்னொரு தரம் பார்த்தேன்.
எங்கள் தெருவில் நாயே என்றால் அடிதடி.
இங்கே, அந்த மழையில்,
அது ஒரு துணை.

பதினெட்டு நாள்.
பேச்சியப்பன் பைக்கில் போகையில் ஹெல்மெட்டுக்குள்
பெரோ பெரோ என்றுகொண்டே போனாராம்.
பத்தொன்பதாம் நாள் பச்சை விழுந்தது.
ஆனால் வந்தது,
கடல் இருந்தது,
நாயைக் காணோம்.
யாரும் கைதட்டவில்லை.

புழுக்கம். சுப்புராம் சன்னலைத் திறந்தார்.
கீழே கண்டக்டர் தேனி தேனி என்று கத்த,
கட்டைப்பையும் பிள்ளையுமாய் ஓடிவந்த ஒருத்தி
பஸ்ஸைப் பார்த்துக் கேட்டாள்:
"தேனியா? தேனியா?"

மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.
கடைசி வரிக்குக் கீழே
செயலி பொறுமையாக எழுதிற்று:
தெனீயா, தெனீயா.
அவனிடம் இருந்தது, அவனிடம் இருந்தது.
நூறு சதவீதம்.
வகுப்புக்கே வராதவள் வாங்கிய நூறு.
அவள் ஏறினாள், பஸ் போயிற்று.

"என்ன இருந்துச்சு அவன்கிட்ட?" ஷிஃபாயா கேட்டாள்.

"நான் முடிக்கிறேன்" என்று
மைக்கை வாங்கினார் பேச்சியப்பன்.
தெனீயா என்று தொடங்கி
நாயைக் கூப்பிட நாக்கை மடித்தார்.
பதினெட்டு நாள் பழகிய நாக்கு
ஒரே ஒருதரம் தொட்டு
விலகிவிட்டது.

சுவரில் பச்சையாக வந்தது:
இருந்தது, ஆனால்